எட்டுக்கு நாலு பலகையில் பிறந்த படகு

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டில் இருந்துகொண்டு பாய்மரப் படகைப் பற்றிப் பேசுகிறேன். நம் அப்பச்சிமார் கப்பலேறிப் பர்மாவுக்குப் போய் வந்தவர்கள். நம் வீட்டுத் தேக்குத் தூண்களும் கடல் தாண்டி வந்தவைதான். தொண்டியும் பக்கம். ஆனால் இன்றைக்கு என் பேச்சு பெரிய கப்பலைப் பற்றி அல்ல. ஒரே ஒரு பிள்ளை உட்கார்ந்து தானே ஓட்டுகிற குட்டிப் படகு அது. பெயர் ஆப்டிமிஸ்ட்.

வீட்டில் அலமாரி செய்தவர்களுக்குத் தெரியும், ஆசாரி முதலில் "எட்டுக்கு நாலு பிளைவுட் எத்தனை வேண்டும்" என்றுதான் கணக்குப் போடுவார். எட்டடி நீளம், நாலடி அகலம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1947. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துக் கடலோர ஊர் கிளியர்வாட்டர். அந்தக் காலத்தில் அங்கே பிள்ளைகள் சக்கரம் வைத்த பெட்டி வண்டி செய்து, சரிவில் உருட்டிப் பந்தயம் விடுவார்கள். ஊர்க் கடைக்காரர்கள் செலவுக்குப் பணம் கொடுப்பார்கள். ஒரு நாள் கூத்து, அதோடு சரி. மேஜர் கிளிஃபோர்டு மெக்கே என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. ஊரைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது, அதே பணத்தில் படகு செய்தால் பிள்ளைகள் வருடம் முழுவதும் ஓட்டலாமே! அங்கிருந்த ஆப்டிமிஸ்ட் கிளப் என்ற சேவைச் சங்கத்தில் இதைச் சொன்னார். வேலை, படகு கட்டும் கிளார்க் மில்ஸிடம் போனது.

செலவு 50 டாலருக்குள் முடிய வேண்டும், அப்பனும் பிள்ளையும் வீட்டிலேயே அறுத்து அடித்துச் செய்துவிட வேண்டும், இரண்டே பிளைவுட் பலகையில் அடங்க வேண்டும். மில்ஸ் முன்னால் இருந்த கணக்கு இதுதான். படகு என்றால் முன்பக்கம் கூராக இருக்க வேண்டாமா? பக்கப் பலகையை வளைத்துக் கூர்முனை வரை கொண்டுபோக எட்டடி போதாது. மில்ஸ் என்ன செய்தார்? மூக்கை வெட்டிவிட்டார்! அதனால்தான் ஆப்டிமிஸ்ட் இன்றைக்கும் மாட்டுக் கழனித் தொட்டி மாதிரி முன்னால் மொட்டையாக இருக்கிறது. நீளம் ஏழே முக்கால் அடி. எட்டடிப் பலகையில் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அழகுக்காக யாரும் இந்த உருவத்தைத் தேடிப் போகவில்லை. கையில் இருந்த பலகையும் பணமும் சேர்ந்து தீர்மானித்த உருவம். நல்ல ஆசாரியின் வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எந்த ஊர்ப் படகைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

1950களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்சல் டாம்கார்டு இதைப் பார்த்துப் பிடித்துப்போய் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். பிறகு உலகமெங்கும் பரவியது. இப்போது ஃபைபரில் வார்க்கிறார்கள், 35 கிலோ. பதினைந்து வயது வரை போட்டியில் ஓட்டலாம்.

படகில் பிள்ளை தனியாகத்தான் இருக்கும். எனக்கு இதுதான் முக்கியம். பாயின் கயிறு ஒரு கையில், சுக்கான் கட்டை மறு கையில். "இழு, விடு" என்று சொல்லப் பக்கத்தில் அப்பா இல்லை, அண்ணன் இல்லை. வாடைக்காற்று சட்டென்று ஓங்கினால் அந்தப் பிள்ளையே பின்னால் சாய்ந்து எடை கொடுக்க வேண்டும். தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் படகான வத்தையில் பெரியவர்கள் குறுக்குப் பலகையின் ஓரத்தில் போய் உட்காருவார்களே, அதே வேலை. கவிழ்ந்தால்? கவிழட்டும். உள்ளே காற்றுப் பைகள் இருப்பதால் மூழ்காது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி மிதித்தால் நிமிர்ந்துவிடும். அப்புறம் உள்ளே நிற்கும் தண்ணீரை இறைக்க வேண்டும். பிளாஸ்டிக் கேனை அறுத்துச் செய்த குவளை ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கும். பத்து வயதுப் பிள்ளை யாரையும் கூப்பிடாமல் இறைத்துவிட்டு மறுபடி பாயைப் பிடிப்பதைப் பார்த்த பிறகு, என் பேச்சில் வேறு விளையாட்டே வருவதில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை வருகிறது. லேசர் என்ற இன்னொரு ஒற்றையாள் பாய்மரப் படகைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 1969இல் கனடாவில் இயன் புரூஸ், கார் மேல் வைத்துக் கொண்டுபோகிற மாதிரி ஒரு படகு வேண்டும் என்று தொலைபேசியில் கேட்க, படகு வடிவமைப்பாளர் புரூஸ் கர்பி பேசிக்கொண்டே காகிதத்தில் கிறுக்கியது அது. 1996இல் ஒலிம்பிக்குக்குப் போனது. நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இதன் சிறிய பாய் கட்டிய வகையைத்தான்.

நம் பக்கத்துக் கண்மாயில் ஓட்டலாமா? மழை முடிந்து நிறைந்து கிடக்கும் மார்கழியிலும் தையிலும் தாராளமாக ஓட்டலாம். பிள்ளைக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், உயிர்காப்புச் சட்டை கட்டாயம், கரையில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். அதற்கு முன்னால், கோடையில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போதே உள்ளே இருக்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்துவிடுங்கள். தண்ணீருக்கு அடியில் அந்த முள் இருந்தால் கவிழ்கிற பிள்ளைக்கு ஆபத்து. வணக்கம்.