ஓய்வு உடம்பைத் தேற்றும். ஆர்வத்தைத் தேற்றுவது எது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, ஆசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஆசிரியரின் மங்கிப்போன ஆர்வத்தை மீட்டுத் தருவது பணிச்சுமைக் குறைப்பா, பணியிடைப் பயிற்சியா?' என்பது தலைப்பு. பயிற்சிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். நானும் கணக்குப் பாடம் எடுப்பவள்தான்.

எதிரணித் தலைவர் பேசியதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பதிவேடுகள், மதிப்பெண் பட்டியல்கள், இன்றைக்கே அனுப்ப வேண்டிய புள்ளிவிவரங்கள் எல்லாம் இருக்கின்றன. சுமை உண்மைதான், அதைக் குறைத்தே ஆக வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீண்ட விடுமுறை முடிந்து, நன்றாகத் தூங்கி எழுந்து, தெம்பாகப் பள்ளிக்குள் நுழைகிற ஆசிரியர் இரண்டாவது வாரமே ஏன் வாடிப்போகிறார்? அதே பாடம், அதே உதாரணம், பிள்ளைகள் செய்யும் அதே தவறுகள். அவருக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. கிடைக்காதது வேறு ஒன்று.

பணிச்சோர்வை அளக்க கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1981இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதில் மூன்று கூறுகள் உண்டு. உள்ளம் வற்றிப்போவது ஒன்று. எதிரே இருக்கும் மனிதர்களோடு ஒட்டாமல் போவது இன்னொன்று. 'நான் என்னத்தைச் சாதித்தேன்' என்ற எண்ணம் மூன்றாவது. முதலாவதற்கு ஓய்வு மருந்தாகலாம். பிள்ளைகளோடு ஒட்டாமல் போனவருக்கும், தன் வேலையால் பலனில்லை என்று நினைப்பவருக்கும் இரண்டு பாடவேளையைக் குறைத்துக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

என் பாடத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். 0.35, 0.8 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், சில பிள்ளைகள் 0.35 என்று எழுதுவார்கள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'கவனம் போதாது' என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போவது எளிது. வருஷக்கணக்கில் அப்படியே போய்க்கொண்டிருக்கலாம்.

இப்போது நாலைந்து ஆசிரியர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அந்த விடைத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, 'இந்தப் பிள்ளை எப்படி யோசித்திருப்பாள்?' என்று மட்டும் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான். அவள் கவனமில்லாமல் எழுதவில்லை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படித்திருக்கிறாள், 35 எட்டைவிடப் பெரியதுதானே என்று நினைத்திருக்கிறாள் என்பது புரிகிறது. அவளிடம் ஒரு தர்க்கம் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. பக்கத்துத் தாளில் 0.8 என்று சரியாக எழுதிய பையனைப் பற்றி ஒருவர் சந்தேகம் கிளப்புகிறார். 'பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது, அதனால் புள்ளிக்குப் பின்னால் இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது' என்று அவன் நினைத்திருந்தால்? அப்போதும் இந்தக் கேள்விக்கு விடை சரியாகத்தான் வரும். அப்புறம் ஒரு யோசனை பிறக்கிறது: நாளைக்கு 0.4, 0.75 என்று கொடுத்துப் பார்க்கலாம். பையன் 0.4தான் பெரியது என்று சொன்னால், நேற்று அவன் வாங்கிய முழு மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு தவறான புரிதல் ஒளிந்திருந்தது என்று அர்த்தம்.

நடுவர் அவர்களே, இந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போகிற ஆசிரியர் மறுநாள் காலை எப்படி வகுப்புக்குப் போவார்? அந்தப் பையன் என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்துகொள்ளும் ஆசையோடு போவார். சம்பளம் ஏறவில்லை, பாடவேளை குறையவில்லை, வகுப்பில் ஒரு பெஞ்சுகூட மாறவில்லை. ஆனாலும் போவார்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா, 'பயிற்சி என்றால் கையெழுத்துப் போட்டு, நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு, சான்றிதழோடு திரும்புவது' என்று வருத்தத்தோடு சொன்னார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. அப்படி ஒரு நாளை ஆசிரியரிடமிருந்து பறிப்பது அநியாயம். ஆனால் அது பேச்சுக் கேட்பது. பயிற்சி என்றால் செய்து பார்க்க வேண்டும், ஒருவர் கூடவே இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும், மறுபடி செய்ய வேண்டும். ஆசிரியருக்கு நேரடி வழிகாட்டி ஒருவரை வைத்துச் செய்த 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. கற்பிக்கும் முறையும் மாணவர் அடைவும் மேம்பட்டதை அது காட்டியது. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைவதையும் அதுவே சொன்னது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் எங்கள் பக்கத்துச் சாட்சிதான். மண்டபம் நிறைய ஆளைக் கூட்டி நடத்துவதை நாங்கள் கேட்கவில்லை.

ஜப்பானில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பழக்கம் இருக்கிறது. ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் இருந்து பார்ப்பார்கள். அவர்கள் முக்கியமாகக் கவனிப்பது பிள்ளைகளை. எந்தப் பிள்ளை எங்கே திணறினாள், எந்த இடத்தில் முகம் மலர்ந்தது என்று குறித்துக்கொண்டு பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே போராடும் தொழில் இது. அந்தத் தனிமை உடைவதே பெரிய ஆறுதல்.

பெரிய ஏற்பாடுகூட வேண்டாம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் கவனித்தது இது: கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். சொல்வது சுலபம். வகுப்பில் அந்த மூன்று விநாடி மௌனத்தைத் தாங்குவது எவ்வளவு கடினம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அதனால்தான் பழக வேண்டியிருக்கிறது. பழகிய பிறகு, கடைசி வரிசையிலிருந்து இதுவரை கேட்டிராத ஒரு குரல் வருகிறதே, அதைக் கேட்ட ஆசிரியருக்குச் சலிப்பு எங்கிருந்து வரும்?

'ஆர்வம் உள்ளவருக்குத்தான் பயிற்சி பயன்படும், ஆர்வம் என்பது பிறவிக்குணம்' என்றார் எதிரணித் தம்பி. தாமஸ் கஸ்கி என்ற கல்வியாளர் 1986லேயே இதைத் திருப்பிப் போட்டார். மனம் மாறி, அப்புறம் ஆசிரியர் முறையை மாற்றுவதில்லை. முதலில் ஒன்றை மாற்றிப் பார்க்கிறார், பிள்ளைகளிடம் பலனைக் காண்கிறார், அதற்குப் பிறகுதான் நம்பிக்கை வருகிறது என்றார். ஆகவே ஆர்வம் திரும்பட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை தம்பி. அரை மனதோடு வருகிறவரும் வரட்டும். அந்த 0.4, 0.75 கேள்வியை ஒரு தடவை வகுப்பில் கேட்டுப் பார்க்கட்டும்.

எதிரணிக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் போராடுங்கள், சுமையைக் குறையுங்கள், நாங்களும் கூட வருகிறோம். அப்படி மிச்சமாகும் நேரத்தில் வாரம் ஒரு மணி நேரத்தை மட்டும் ஆசிரியர்கள் கையில் கொடுங்கள். அதிகாரி வேண்டாம், அறிக்கை வேண்டாம். விடைத்தாள்களும் சக ஆசிரியர்கள் இரண்டு பேரும் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் செய்வதற்கு என்ன பெயர் என்று நடுவர் அவர்கள் சொல்லட்டும். அதையே தீர்ப்பாக ஏற்றுக்கொள்கிறோம்.

நன்றி, வணக்கம்.