கல்லில் எண்ணிக்கை இருக்கிறது, பெயர் எங்கே?

(முன்னாள் படைவீரர் குடும்பங்களின் கூட்டத்துக்கான உரை, எழுத்து வடிவில்)

தலைமை ஏற்றிருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் சுபேதார்களே, ஹவில்தார்களே, மெட்ராஸ் ரெஜிமெண்டின் தம்பிகளே, அவர்கள் எல்லையில் நின்ற காலத்தில் வீட்டைத் தாங்கிய தாய்மார்களே! ஊராட்சித் தலைவர் அம்மையாருக்குத் தனி வணக்கம். அவரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு, கடைசியில் வைக்கிறேன். வயதில் மூத்தவருக்கு முதல் சால்வை போர்த்திய விழாக் குழுவினரையும் பாராட்ட வேண்டும். பல மேடைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

ரெஜிமெண்டின் போர் வரலாறு, கூடப் பணியாற்றியவர்களைக் கண்டுபிடிக்கும் வழி, குடும்ப ஓய்வூதியச் சிக்கல் என்று மூன்று தலைப்புகளை அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். வரலாற்றைச் சுருக்கமாகவே தொடுகிறேன். தொப்பியில் இருக்கும் யானை, 1803 அசாயே போரின் அடையாளம். 1944-இல் இம்பாலைச் சுற்றிப் போரிட்ட 20-ஆவது இந்திய டிவிஷனில் நம் ரெஜிமெண்டின் பட்டாலியன் ஒன்று இருந்தது. 1965 போரில் மகாராஜ்கே என்ற இடத்தில் நடந்த சண்டை நம் பெயர் சொல்லும். 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றைக் கடந்து போரிட்டது 16-ஆவது பட்டாலியன். இவற்றையெல்லாம் வெலிங்டனில் உள்ள ரெஜிமெண்ட் மையம் பேணி வருகிறது. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் கேட்பது, அப்பா எந்த பிளட்டூனில் இருந்தார், பதுங்குகுழியில் அவர் பக்கத்தில் யார் இருந்தார் என்பதைத்தான். அதைச் சொல்லக்கூடிய மனிதரைத் தேட வேண்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும். தேடலாம்.

முதலில், படையிலிருந்து விலகும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுங்கள். பெயரைவிடப் படை எண் முக்கியம். முத்துச்சாமிகள் ஏராளம், ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எழுத்தர்கள் விதவிதமாக எழுதியிருப்பார்கள். ஓர் எண் ஒருவருக்கு மட்டும்தான். புத்தகம் தொலைந்திருந்தால் ஓய்வூதிய ஆணையில் எண் இருக்கும். சுதந்திரத்துக்குப் பிந்தைய பதக்கமானால் விளிம்பிலோ பின்புறத்திலோ பொறித்திருப்பார்கள். பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துபோகும். பூர்வி ஸ்டார் பதக்கம் இருந்தால் 1971 போரில் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனை.

அடுத்தது கம்பெனி. பட்டாலியன் கம்பெனிகளாகவும், கம்பெனி பிளட்டூன்களாகவும் பிரியும். ஒரு பட்டாலியனில் சுமார் 800 பேர். அவரை நெருங்கி அறிந்தவர்கள் பிளட்டூனின் முப்பது சொச்சம் பேர்தான். பழைய கடித உறையில் 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்ற படை அஞ்சலக முகவரிக்கு மேலே கம்பெனியின் எழுத்து இருக்கலாம். குழுப் படமானால் அடியட்டையில் வரிசைப்படி பெயர்கள் அச்சாகியிருக்கும். சட்டம் போடக் கொடுத்தால் கடைக்காரர் அளவுக்காக அந்த அட்டையைத்தான் முதலில் வெட்டுவார்! கொடுப்பதற்கு முன்பே முன்னும் பின்னும் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

இங்கே பல வீடுகளில் நடக்கும் கூத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பேரன் தகரப் பெட்டியைத் திறக்கிறான். தாத்தாவின் காகிதத்தில் ‘4/3 மெட்ராஸ்’ என்று இருக்கிறது. பையன் அதை 3-ஆவது பட்டாலியன் என்று படித்துக்கொள்கிறான். உண்மையில் அது 3-ஆவது மெட்ராஸ் ரெஜிமெண்டின் 4-ஆவது பட்டாலியன். ரெஜிமெண்டின் முன்னால் இருந்த அந்த 3 பிறகு கைவிடப்பட்டது. பையன் ஊர் ஊராக விசாரித்து, 3-ஆவது பட்டாலியனின் முதியவர் ஒருவரைப் பிடித்துவிடுகிறான். “முத்துச்சாமியா? ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கோம் தம்பி!” என்கிறார் அவர். வீட்டில் வடை பாயசம், மாலை, உறவுக்காரர்கள், வாடகை நாற்காலிகள். பெரியவர் வந்து உட்கார்ந்து, “உங்க தாத்தா ஆறடி உயரம், நிலைப்படியில குனிஞ்சுதான் வருவார்” என்று ஆரம்பிக்கிறார். உள்ளேயிருந்து பாட்டியின் குரல்: “ஐயா, எங்க வீட்டுக்காரர் என் தோளுக்குத்தான் இருப்பார்!” வேறு முத்துச்சாமி! வந்தவரைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். படை எண்ணைக் கேட்டிருந்தால் பாயசச் செலவு மிச்சம்.

எண்ணும் கம்பெனியும் கிடைத்ததும் வெலிங்டன் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். படையில் பதிந்த பெயர், எண், பணியில் சேர்ந்த நாள், ஊர், தாலுகா, உறவுக்கான சான்று எல்லாம் வேண்டும். இன்னொருவர் முகவரியை எடுத்துத் தரும்படி கேட்காதீர்கள். உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அவருக்குத் தெரிவிக்கும்படி கேளுங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவமனையிலும் ராணுவ கேன்டீனிலும் பட்டாலியன், கம்பெனி, ஆண்டு மூன்றையும் பெரிதாக எழுதி ஒட்ட அனுமதி வாங்குங்கள். ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்று தரும் நவம்பர் மாதம் அதற்கு ஏற்றது. 1971-இல் இருபது வயது இளைஞர் இன்று எழுபதைத் தாண்டியவர். எறும்பு ஊரக் கல்லும் தேயும்தான், ஆனால் இதைத் தள்ளிப்போட முடியாது.

இன்னொரு கசப்பான செய்தி. ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கலாம் என்பது படை விதி. இரண்டாம் உலகப்போர் முடிந்து அனுப்பப்பட்டவர்களில் மிகப் பலர் அப்படிப்பட்டவர்கள். போரில் இறந்தவர்களுக்கு மட்டும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் துணை நிற்கும். 1914–1921, 1939–1947 காலத்தில் இறந்தோர் அதில் உண்டு. பல பெயர்களுக்குத் தந்தை பெயரும் ஊரும் கொடுத்திருக்கிறார்கள். ராம்நாட், டின்னவேலி, டிரிச்சினாபோலி என்று பழைய எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். பர்மாவில் இறந்தவருக்குத் தனிக் கல்லறை இல்லையென்றால், ரங்கூன் நினைவுச் சின்னத்தில் உள்ள ஏறத்தாழ 27,000 பெயர்களில் பாருங்கள்.

ஓய்வூதியம் பற்றி உதவி இயக்குநரே இங்கே இருக்கிறார், அவர் விளக்குவார். நான் கல்லுக்கு வருகிறேன். நம் ஊர்கள் பலவற்றில் ஒரு பழைய கல் உண்டு: இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும். ஒரு பெயர்கூட இருக்காது! ஆட்களை ஆடு மாடு போல எண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இந்தக் கல்லோ பெயர் ஏறாமலே தேய்கிறது.

தலைவர் அம்மையாரிடம் கேட்பது இதுதான். வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒரு தீர்மானம் வையுங்கள். 1914 முதல் இன்றுவரை படையில் பணியாற்றிய ஊர்க்காரர் அனைவரின் பெயர், எண், பட்டாலியன், ஆண்டு கொண்ட பதிவேடு ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும். வீடுகள் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலைத் தரட்டும், மூலத்தை யாரும் கைவிட வேண்டாம். சரிபார்த்த பெயர்களைப் பழைய கல்லில் செதுக்காமல், அதன் பக்கத்தில் புதுக் கல் நட்டு எழுதுங்கள். சரிபார்க்கும் வேலைக்கு ஓய்வு பெற்ற எழுத்தர் ஹவில்தார்கள் இருவர் போதும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசையில் பெயர் கொடுங்கள்.