காகிதப் பையனும் இரண்டு ஊர்களும்: ஒரு நேயர் கேள்விக்கு விளக்கம்

மிசிசாகாவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன். "என் மகள் இரண்டாம் வகுப்பு. ஒரு காகிதப் பையனை வெட்டி, வண்ணம் தீட்டி, வேறு மாகாணத்தில் யாருக்காவது தபாலில் அனுப்பச் சொல்கிறார்கள். கூகுள் மேப்பில் உலகத்தையே தெருத் தெருவாகப் பார்க்கலாம். இதில் என்ன புவியியல் படித்துவிடப் போகிறார்கள்? தவிர, எங்களுக்கு அங்கெல்லாம் ஆளே தெரியாது."

வாசித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அந்தக் காகிதப் பையன் ஒரு வகையில் எங்கள் ஊர்க்காரன். நான் லண்டனில் இருக்கிறேன் என்று வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன், இது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன். இங்கேயும் தேம்ஸ் ஆறு ஓடுகிறது, ஆக்ஸ்ஃபோர்டு தெரு இருக்கிறது, கோவென்ட் கார்டன் மார்க்கெட் இருக்கிறது. அரண்மனைதான் பாக்கி. திருநெல்வேலிச் சித்தப்பா போன் பண்ணும்போதெல்லாம், "என்னடே, பிக் பென் பக்கம்தான் வீடா?" என்பார். திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

சரி, அந்தக் காகிதப் பையனுக்கு வருவோம். பெயர் ஸ்டான்லி. 1964-இல் ஜெஃப் பிரவுன் என்ற அமெரிக்கர் எழுதிய சிறுவர் கதை. தூங்குகிற பையன் மேல் அறிவிப்புப் பலகை விழுந்து, ஆள் தோசை மாதிரி தட்டையாகிவிடுகிறான். கலிபோர்னியாவுக்கு டிக்கெட் எடுத்தால் செலவு அதிகம், உறைக்குள் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இதை வைத்துக்கொண்டு 1995-இல் எங்கள் ஊர் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் டேல் ஹூபர்ட் ஒரு வேலை செய்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஸ்டான்லியை வெட்டி, அவன் பேரில் சில நாள் டைரி எழுதி, இரண்டையும் வேறொரு பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அங்கே இருப்பவர்கள் அவனை விருந்தாளியாக ஊர் சுற்றிக் காட்டி, டைரியில் தொடர்ந்து எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் ஒரு விமானம் இறங்கி 155 பேரும் பிழைத்தார்களே, அதில் ஒருவருடைய கைப்பெட்டிக்குள் ஒரு ஸ்டான்லியும் இருந்து தப்பித்தான்.

இப்போது புவியியல். உறையை அனுப்புவதற்கு முன்பே பாதிப் பாடம் முடிந்துவிடும். கனடா அஞ்சல் குறியீட்டின் முதல் எழுத்தைப் பாருங்கள். கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்துக்கு 'ஏ'. அங்கிருந்து மேற்கே போகப் போக எழுத்தும் வரிசையாக நகர்ந்து, பசிபிக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 'வி'. எங்கள் லண்டனுக்கு 'என்'. இரண்டாவது இடத்தில் சுழியம் இருந்தால் கிராமப்புறம். என் மகன் வகுப்பில் வந்து சேர்ந்த உறைகளைத் தரையில் எழுத்து வரிசைப்படி அடுக்கினார்கள். கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒரு கனடா. முன்பு ஒரு வீடியோவில் நேர மண்டலங்கள் பற்றிப் பேசும்போது, நியூஃபவுண்ட்லாந்தின் கடிகாரம் பக்கத்து மண்டலத்தைவிட அரை மணி முன்னே ஓடும் என்று சொல்லி உங்களைக் குழப்பினேனே, அந்தக் கணக்கைக் கதவருகே உட்கார்ந்திருந்த ஒரு வாண்டு எனக்கே சொல்லிக்கொடுத்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல. அந்த வீடியோவிலும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: விருந்தாளி வந்தால்தான் நம் வீடு நம் கண்ணுக்குத் தெரியும். அனுப்புகிற பிள்ளை என்ன படிக்கும் என்று கேட்கிறீர்கள். ஸ்டான்லியை வரவேற்கிற பிள்ளை என்ன படிக்கும் என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

என் மகனுடைய ஸ்டான்லி இக்காலுயிட்டுக்குப் போனான். கனடாவின் வடக்கே இருக்கிற நூனவுட் பிரதேசத்தின் தலைநகரம், பாஃபின் தீவில் இருக்கிறது. குறியீடு 'எக்ஸ்' என்று ஆரம்பிக்கும். ஒட்டாவாவிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரம். வேறு எந்த ஊருக்கும் அங்கிருந்து சாலை கிடையாது. பனி உருகும் மாதங்களில் கப்பல் வரும், மற்றபடி எல்லாமே விமானம்தான். ஸ்டான்லி திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு மடிப்பு, கைகளில் கம்பளித் துணியில் வெட்டி ஒட்டிய குட்டிக் கையுறை. டைரியில் அந்தப் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள்: நிலத்துக்கு அடியில் எப்போதும் உறைந்தே இருப்பதால் வீடுகள் கால் ஊன்றி நிற்கும், வீட்டுக்குத் தண்ணீர் லாரியில் வரும். "லாரியிலா?" என்று வகுப்பே வாயைப் பிளந்தது. சென்னையில் குடத்தோடு ஓடியவன் நான், எனக்கு அது நங்கநல்லூர் மாதிரி இருந்தது.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. அங்கே மரமே வளராது, தெரியுமல்லவா? "உங்கள் ஊரில் நிறைய மரம் இருக்கிறதாமே. காற்றடித்தால் மரம் என்ன சத்தம் போடும்?"

வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் பதில் தெரியவில்லை. லண்டனுக்கு 'வன நகரம்' என்றுதான் பட்டப்பெயர். ஸ்டான்லியை அனுப்பும்போது, எங்கள் ஊரில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று மாலும் ஹாக்கி அரங்கமும் வரைந்து அனுப்பியவர்கள் இவர்கள். ஆசிரியை எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் ஒரு மேப்பிள் மரத்தடியில் பேசாமல் நிற்க வைத்தார். அக்டோபர் மாதம், இலையெல்லாம் காய்ந்து சிவந்திருந்தது. கூகுள் மேப் இக்காலுயிட் தெருக்களையும் காட்டும், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்காதே.

பாருங்கள், நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டேன். ஆள் தெரியாது என்றீர்கள். வகுப்பு ஆசிரியையிடமே கேளுங்கள், வேறொரு பள்ளியின் வகுப்போடு கோத்துவிடுவார்கள். பெரிய நகரம் வேண்டாம், சின்ன ஊராகப் பாருங்கள். பொம்மையில் மகளின் முதல் பெயர் மட்டும் போதும், முகவரிக்குப் பள்ளி முகவரி. நல்ல தடித்த அட்டை ஒன்றை உறைக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் கழுத்து மடியும். வேறு ஊரிலிருந்து ஒரு ஸ்டான்லி உங்கள் வீட்டுக்கு வந்தால் நயாகராவுக்கு ஓடாதீர்கள். நீங்கள் காய்கறி வாங்கும் கடைக்கு, மகள் தினமும் பள்ளிக்கு நடக்கிற வழிக்குக் கூட்டிப் போங்கள்.

அந்த மரத்தடியில் கேட்டதை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரி எழுதினார்கள். ஒருத்தி மழை என்று எழுதினாள், ஒருவன் சிப்ஸ் பாக்கெட் என்று எழுதினான். என் மகன், "எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம்" என்று எழுதிவிட்டான். ஆசிரியைக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டே அப்படியே அனுப்பிவிட்டார். மூன்று வாரம் கழித்து இக்காலுயிட்டிலிருந்து பதில். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பளம் என்றால் என்ன என்று அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். அதுவும் தட்டைதானே என்று பொரிக்காத அப்பளம் நாலு, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஸ்டான்லியோடு அனுப்பினோம். போய்ச் சேரும்போது ஒன்றுதான் முழுசாக இருந்ததாம்.