முதல் தோட்டா யாருடையது?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, ஜார்ஜ்டவுனில் இந்த அரங்கம் நிறைய வந்திருக்கும் பினாங்குத் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

போர்க்காலத்தில் திறமை மிக்க, ஆனால் சொல் கேளாத வீரனை எப்படி நடத்துவது? விட்டுப்பிடித்தா, கட்டுக்குள் வைத்தா? கட்டுக்குள் வைத்துத்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்வாங்கச் சொல்லிக் கொடி ஏறியதும் குருட்டுக் கண்ணில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, 'எனக்கு எதுவும் தெரியவில்லையே' என்றார், வென்றும் காட்டினார் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

1801 ஏப்ரல் 2, டென்மார்க்கின் கோபன்ஹேகன். தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர் தொலைவில் இருந்தபடி ஏற்றியது 39-ஆம் எண் கொடி: சண்டையை நிறுத்து. நெல்சன் கப்பலில் பறந்துகொண்டிருந்தது 16-ஆம் எண் கொடி: நெருங்கித் தாக்கு. ஒரே கடலில் இரண்டு கட்டளை! சிறிய போர்க்கப்பல்களை நடத்திய கேப்டன் ரியூ, பார்க்கரின் கொடிக்குக் கீழ்ப்படிந்தார். கப்பல் திரும்பியது. திரும்பும்போது அதன் பின்புறம் கோட்டைப் பீரங்கிகளுக்கு நேராக வந்தது. அங்கேதான் ரியூ இறந்தார். பார்க்கரின் கட்டளை தவறு என்பதை நான் மறுக்கவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து களம் தெரியவில்லை. ஆனால் அண்ணனுடைய கணக்கில் ரியூவின் பெயர் எங்கே?

கடலை விடுங்கள், நம் காட்டுக்கே வருவோம். 1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு போர் நடந்த அவசரகாலத்தில், மலாயாக் காடுகளில் நடந்த பதுங்கித் தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவில் பத்துப் பேர் என்று வையுங்கள். இரு முனையிலும் இரண்டிரண்டு பேர் காவல், நடுவில் ஆறு பேர். முன்னால் அறுபது மீட்டர் பாதை, அதுதான் கொல்களம். சத்தம் போட முடியாது என்பதால் ஆளுக்கு ஆள் ஒரு கயிறு. முனையில் இருப்பவன் எதிரியைப் பார்த்ததும் கயிற்றை இழுப்பான். மாறாத விதி ஒன்று உண்டு: முதல் தோட்டா தலைவனுடையது.

இப்போது எதிரிகள் பன்னிரண்டு பேர், ஐந்து மீட்டர் இடைவெளியில் வருகிறார்கள். வரிசையின் நீளமே ஐம்பத்தைந்து மீட்டர். எல்லோரும் உள்ளே வரும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். நம் பிரிவின் தலைசிறந்த துப்பாக்கிக்காரனுக்குப் பொறுமை இல்லை. இரண்டாவது ஆள் கண்ணில் பட்டதுமே சுட்டுவிட்டான். குறி தப்பவில்லை, இரண்டு பேர் விழுந்தார்கள். மீதிப் பத்துப் பேர் கொல்களத்துக்கு வெளியே நிற்கிறார்கள். துப்பாக்கி வெளிச்சத்தை வைத்து நம் இடத்தைக் கண்டுகொண்டு, பக்கவாட்டில் காட்டுக்குள் இறங்கிச் சுற்றி வருகிறார்கள். அவன் திறமைதான் இங்கே ஆபத்து! குறி தவறுகிறவன் என்றால் நடுவில் படுக்கவே வைத்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் அவனை விரட்டிவிடுவதா? இல்லை ஐயா. தலைவன் அவனைக் கைக்கெட்டும் தூரத்தில், தன் பக்கத்திலேயே படுக்க வைக்க வேண்டும். கிளம்பும் முன் 'எல்லோரும் உள்ளே வரும்வரை சுடாதே' என்பதோடு நிறுத்தாமல், ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். அதை அவன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும், தலையாட்டினால் போதாது. அவனுக்கு மாற்று யோசனை இருந்தால் அப்போதே கேட்டுவிட வேண்டும், பல நேரம் அது தலைவனுடையதைவிட நல்ல யோசனையாக இருக்கும். முடிவு எடுத்த பிறகு விவாதம் கிடையாது. மீறினால் அன்றைக்கே, தனியாக, அந்த ஒரு தவறைப் பற்றி மட்டும் கண்டிக்க வேண்டும். மறுபடி மீறினால் அந்தப் பொறுப்பு போய்விடும் என்று சொல்லிவிட்டு, மீறினால் உண்மையிலேயே எடுத்துவிட வேண்டும்.

தனியாக என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? கர்ணனை நினைத்துப் பாருங்கள். பீஷ்மர் அவனைச் சபை நடுவே அரைத் தேராளி, முழு வீரன்கூட இல்லை என்றார். நீர் களத்தில் இருக்கும்வரை நான் வில்லைத் தொட மாட்டேன் என்றான் அவன். பதினெட்டு நாள் போரில் பத்து நாள் கர்ணன் இல்லை! பீஷ்மர் நாவை அடக்கவில்லை, கர்ணன் ரோஷத்தை அடக்கவில்லை, துரியோதனன் இருவரையும் அடக்கவில்லை. கர்ணன்மேல் எனக்கும் பாசம் உண்டு. அதனால்தான் அந்தப் பத்து நாள் மனத்தை அறுக்கிறது.

கட்டுக்குள் வைத்தால் திறமை செத்துவிடும் என்றார் எதிரணித் தம்பி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர், தன் கீழிருந்த தளபதி பாட்டனை நடத்திய விதத்தைத் தம்பி பார்க்கட்டும். 1943 ஆகஸ்டில், சிசிலியில், மருத்துவமனையில் கிடந்த இரண்டு வீரர்களைப் பாட்டன் கைநீட்டி அடித்தார். ஐசன்ஹோவர் எழுத்தில் கண்டித்தார், மன்னிப்புக் கேட்க வைத்தார், பல மாதம் களத்தில் படை எதையும் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த மனிதரை வீணாக்கவில்லை. இல்லாத ஒரு படைக்குப் பாட்டன் தலைவர் என்று ஜெர்மானியரை நம்பவைத்தார்கள். அவர்கள் பிரெஞ்சுக் கடற்கரையில் கலே பக்கம் காத்துக் கிடந்தார்கள். 1944 ஆகஸ்டில் மூன்றாம் படை அவர் தலைமையில் களம் இறங்கியது. டிசம்பர் 26 அன்று பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரை ஜெர்மானியர் வளைத்திருந்த முற்றுகையை உடைத்ததும் அதே படைதான். திறமை எங்கே செத்தது, தம்பி?

விட்டுப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு, இந்த மண்ணுக்குத் தெரிந்த பெயர் ஒன்று உண்டு: ஜப்பானியப் படை அதிகாரி சூஜி மசனோபு. 1939-இல், சோவியத் படையோடு மோதிய மங்கோலிய எல்லையிலுள்ள நொமொன்ஹானில், தோக்கியோவின் ஒப்புதல் இல்லாமலே சண்டையைப் பெரிதாக்கிய அதிகாரிகளில் முன்னால் நின்றவர். ஒரு டிவிஷனே சிதைந்தது. அவருக்குக் கிடைத்தது வெறும் இடமாற்றம். திறமைசாலி ஆயிற்றே! 1941-இல் மலாயாப் படையெடுப்பைத் திட்டமிடும் வேலை அவரிடம் வந்தது. இந்த ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது டிசம்பர் 11. படையெடுப்பு தொடங்கிய எழுபது நாளில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அவர் திறமையை யாராலும் மறுக்க முடியாது. அடுத்து சிங்கப்பூரில் சீனர்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின்னால் இருந்தவர்களில் முதன்மையாக வரலாற்றாசிரியர்கள் சுட்டும் பெயரும் இதுதான். 1939-இல் கைநழுவ விட்டவர்கள், 1942-இல் யாருடைய உயிரைக் கொடுத்து அதற்கு விலை கட்டினார்கள்?

கடைசியாக எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்: 'கட்டளையே அநியாயமானால் என்ன செய்வது?' நியாயமான கேள்வி. பதிலும் அதே சூஜியின் கதையில்தான் இருக்கிறது. 1942 ஏப்ரலில், பிலிப்பைன்ஸின் பதானில், மேலிடத்தின் பெயரைச் சொல்லிக் கைதிகளைக் கொல்லும்படி வாய்மொழிக் கட்டளை ஒன்று சுற்றியது. அதற்குப் பின்னால் இருந்தவர் சூஜி. ஜப்பானியக் கர்னல் இமாய் தாக்கேயோவிடமும் அது வந்தது. அவர் குருட்டுக் கண்ணைத் தேடவில்லை. எழுத்தில் கொடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். எழுத்தில் எதுவும் வரவில்லை. தன்னிடமிருந்த கைதிகளை அவர் விடுவித்தார். அம்மா, அன்றைக்கு ஒழுங்கை மீறியவர் சூஜி. ஒழுங்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் இமாய்.

நன்றி, வணக்கம்.