தைலம் தேய்க்காமல் வாருங்கள்

வணக்கம் நேயர்களே. தேக்கா சந்தையில் காய்கறிப் பையைத் தூக்க விரலை மடக்குகிறீர்கள். விரல் மடங்குவதற்குச் சற்று முன்பே, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு இருக்குமோ என்னவோ, அதற்குள் முன்கைத் தசையில் மின்சாரம் ஓடிவிடுகிறது. தோலில் ஒட்டிய எலக்ட்ரோடுக்கு, அதாவது மின்சமிக்ஞையைப் பிடிக்கும் சிறு வில்லைக்கு, வந்து சேரும்போது அது சில மில்லிவோல்ட்தான், 1.5 வோல்ட் பென்சில் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தால் வெறும் தூசு. ஈஎம்ஜி என்று, கைக்கு உதவும் ரோபோவில் வேலை செய்யும் நாங்கள் சொல்வது இந்தத் தூசைத்தான்.

பக்கவாதம் வந்த பலருக்குக் கை அசையாவிட்டாலும் இது கொஞ்சம் மிச்சமிருக்கும். கையில் மாட்டும் ரோபோ அந்த மிச்சத்தைப் பிடித்துப் பெருக்கி மோட்டாரை ஓட்டுகிறது. ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தில் யோஷியுகி சங்காய் உருவாக்கிய ‘ஹால்’ என்ற ரோபோ உடையும் தோலில் கிடைக்கும் இப்படிப்பட்ட சமிக்ஞையை வைத்துத்தான் நடக்க உதவுகிறது.

“மோட்டாரே தூக்கிவிடுமே, தசை எதற்குடா?” என்று என் அத்தை கேட்டார். நல்ல கேள்வி. எல்லாவற்றையும் இயந்திரமே செய்தால் ஆள் சும்மா இருந்துவிடுவார், மூளையும் பெரிதாக எதையும் திரும்பக் கற்காது. அவர் முயன்றால்தான் ரோபோ கிளம்ப வேண்டும், அவர் தேறத் தேற அது தன் உதவியைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும்.

சொல்வது சுலபம். பக்கவாதத்துக்குப் பிறகு தசை இறுகிப்போனவர் கையைத் திறக்க நினைப்பார், மடக்கும் தசையும் கூடவே துடிக்கும். சமிக்ஞை ஓர் அளவைத் தாண்டியதும் மூடு என்று மட்டும் எழுதிவைத்தால், திறக்க நினைத்தவரின் கையை ரோபோ மூடிவிடும், எவ்வளவு எரிச்சலாக இருக்கும்! அதனால்தான் பல இடங்களில் எலக்ட்ரோடு ஒட்டி, எந்தத் தசைகள் சேர்ந்து துடித்தால் என்ன எண்ணம் என்று மென்பொருளுக்குப் பழக்குகிறோம். மறுநாள் எலக்ட்ரோடு ஒரு விரற்கடை தள்ளி ஒட்டிவிட்டால் மறுபடியும் பழக்க வேண்டியிருக்கும். அப்புறம், சுவரில் ஓடும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அலையும், இரைச்சல் வேறு. தசையின் சமிக்ஞை ஏறக்குறைய 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை, இரைச்சல் அதற்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நம் சிங்கப்பூரில் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். ஒருநாள் மதிய வெயிலில் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்து, கையைத் துடைக்காமலே எலக்ட்ரோடை ஒட்டினேன். பாதியில் ஒன்று வழுக்கிப் பிடி விட்டது, ரோபோக் கை தானாகத் திறந்து மூடியது. “யாருக்குடா டாட்டா காட்டுற?” என்றான் நண்பன். மோட்டாரைவிடத் தோல்தான் எனக்குப் பெரிய தலைவலி.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை கிடைத்தால், நோயாளி முயலும்வரை இயந்திரம் காத்திருக்குமா என்று பிசியோதெரபிஸ்டிடம் தயங்காமல் கேளுங்கள். தளர்வான சட்டை போட்டு அழைத்துப் போங்கள். அம்மா எவ்வளவு ஆசையாக எடுத்துவந்தாலும் சரி, அன்று காலை மட்டும் கையில் தைலம் வேண்டாம், எலக்ட்ரோடு ஒட்டவே ஒட்டாது.