குளோன் வார்ஸ்: கையில் இருந்த கதையைக் கைவிட்ட படம்

வணக்கம் நேயர்களே. திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து பேசுகிறேன். வழமையாக உங்களைக் கடற்கரைக்கோ கோட்டைப் பக்கமோ அழைத்துச் செல்வேன். இன்று வெளியே போகவில்லை. கடந்த வாரம் அக்காவின் மகனுடன் அமர்ந்து பார்த்த ஒரு திரைப்படம் மனதை விட்டு அகலவில்லை. அதைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன். அந்தப் படம், விண்வெளிப் போர்க் கதைகளைச் சொல்லும் ஸ்டார் வார்ஸ் வரிசையில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்: த குளோன் வார்ஸ்' என்ற அசைவூட்டத் திரைப்படம்.

மருமகனுக்கு ஒன்பது வயது. அசோகா டானோ என்ற பாத்திரத்தின் மீது அவனுக்கு மிகுந்த பற்று. அவள் முதன்முதலில் எங்கே வருகிறாள் என்று அவன் கேட்டான். இந்தப் படத்தில்தான் என்று சொன்னபோதே எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது, கனடாவில் இருந்து வந்த பெரியப்பாவின் மகன் கொண்டுவந்த டிவிடியில் இதே படத்தைப் பார்த்தேன். அன்று ஏன் மனம் சோர்ந்தது என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. இப்போது மீண்டும் பார்த்தபின் விளக்க முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் எதிர்பார்ப்பைச் சொல்ல வேண்டும். 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்திலேயே குளோன் போர்கள் என்ற பெயர் வந்துவிட்டது. குளோன்கள் என்றால் ஒரே மனிதனின் நகல்களாக உருவாக்கப்பட்ட வீரர்கள். ஒளிவாள் ஏந்திய ஜெடாய் எனப்படும் காவல் வீரர்களில் ஒருவரான முதிய ஓபி-வான் அந்தப் போரைப் பற்றிப் பேசுவார். ஆனால் அதில் என்ன நடந்தது என்று படம் காட்டாது. 2002இல் வந்த படத்தின் இறுதியில் அந்தப் போர் தொடங்கியது. 2005இல் வந்த அடுத்த படத்தில் அது முடியும் தறுவாயில் இருந்தது. இடையில் நடந்த போர் எங்கள் கற்பனைக்கே விடப்பட்டிருந்தது. அந்த இடைவெளியை முதலில் தொட்டவர் ஜென்டி டார்டகோவ்ஸ்கி. 2003 முதல் 2005 வரை அவர் உருவாக்கிய இருபரிமாணத் தொடரின் பெரும்பாலான அத்தியாயங்கள் சில நிமிடங்களே நீளமானவை. பேச்சு மிகக் குறைவு. ஒவ்வொரு அசைவும் அளந்து வரையப்பட்டிருந்தது. ஜெடாய் வீரர் மேஸ் விண்டு தனியொருவராக இயந்திரப் படையை எதிர்கொள்ளும் அத்தியாயத்தைப் பார்த்தவர்களுக்கு, சொல் இல்லாமலே ஒரு மனிதரின் வலிமையை எப்படி உணர்த்தலாம் என்பது தெரியும். அதற்கு அடுத்ததாக, திரையரங்குக்கென்றே ஒரு முழுநீளப் படம் வருகிறது என்றபோது நாங்கள் எவ்வளவு ஆசையோடு காத்திருந்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

வந்தது படம் என்றுகூடச் சொல்ல முடியாது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக ஏற்கெனவே உருவாக்கப்பட்டிருந்த தொடக்க அத்தியாயங்களைப் பெரிய திரையில் பார்த்த, ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜோர்ஜ் லூக்காஸ், அவற்றை ஒன்றாக்கித் திரையரங்குகளில் வெளியிடலாம் என்று முடிவு செய்தார். இயக்கியவர் டேவ் பிலோனி. அமெரிக்காவில் 2008 ஒகஸ்ட் 15ஆம் திகதி படம் வெளியானது; சரியாக ஏழு வாரங்கள் கழித்து, ஒக்டோபர் 3ஆம் திகதி தொடர் கார்ட்டூன் நெட்வேர்க்கில் ஆரம்பமானது. ஏறக்குறைய 98 நிமிடப் படத்தில் எந்த இடத்தில் ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைத் தையல் பிரிந்த சட்டையைப் போல வெளிப்படையாகவே காணலாம். ஒரு சண்டை உச்சத்துக்கு வருகிறது, அடங்குகிறது. மூச்சு வாங்குவதற்குள் இன்னொரு சண்டை அதே உயரத்துக்கு வருகிறது. முழுப் படத்துக்குமான ஏற்றமும் இறக்கமும் எங்கும் இல்லை.

தொடக்கத்திலேயே அது தெரிந்துவிடுகிறது. முந்தைய படங்களில் வந்ததுபோல் விண்மீன்களுக்கிடையே மேல்நோக்கி நகரும் மஞ்சள் எழுத்துகள் இல்லை. அவற்றுக்குப் பதிலாகப் பழைய போர்க்காலச் செய்திப் படங்களைப் போல ஒரு குரல் நிலைமையை வேகமாக அறிவிக்கிறது. இசையும் அந்தப் படங்களுக்கு இசையமைத்த ஜோன் வில்லியம்ஸ் அமைத்ததல்ல. கெவின் கைனர் அவருடைய மூல இசையை மாற்றிக் கையாண்டிருக்கிறார். இவற்றை நான் பெரிய குற்றமாகக் கொள்ளவில்லை. புதிய வடிவத்துக்குப் புதிய வாசல் வேண்டும் என்று விரும்பியிருக்கலாம். முகங்களைப் பற்றியும் பலர் குறை சொன்னார்கள். பழைய பிரித்தானியப் பொம்மலாட்டத் தொடரான 'தண்டர்பேட்ஸ்' தந்த ஊக்கத்தால்தான் பாத்திரங்கள் மரத்தில் செதுக்கியவைபோல் அமைந்தன என்பதை அறிந்த பிறகு எனக்கு அந்தக் குறையும் பெரிதாகப் படவில்லை. மரப்பொம்மைக்கும் உயிர் கொடுக்கலாம். அதற்குக் கதை இடம் தர வேண்டும்.

என் ஏமாற்றம் முழுவதும் இந்தக் கதையில்தான் இருக்கிறது. குற்றவாளிகளின் தலைவனான ஜப்பாவின் குழந்தை ரொட்டா கடத்தப்படுகிறது. ஜப்பாவின் ஆட்சிக்கு உட்பட்ட விண்வழிகள் போருக்குத் தேவை என்பதால், குழந்தையை மீட்டுக் கொடுக்க, ஜெடாய்களும் குளோன் படையும் சார்ந்து நிற்கும் குடியரசு முன்வருகிறது. பழியை ஜெடாய் வீரர்கள் மீது போட்டு ஜப்பாவைத் தன் பக்கம் இழுக்க எதிர்த்தரப்பின் கவுண்ட் டூக்கு திட்டமிடுகிறார். மீட்கும் பணி யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது? இளம் ஜெடாய் வீரனான அனக்கின் ஸ்கைவாக்கரிடம்.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அனக்கின் யார்? டாட்டூயின் என்ற மணற்கோளில் அடிமையாக வளர்ந்த பிள்ளை. அவனையும் அவனுடைய தாயையும் முன்பு உடைமையாக வைத்திருந்தவள் ஜப்பாவின் இனத்தைச் சேர்ந்த கார்டுல்லா என்பவள்; அவள் பந்தயத்தில் தோற்றதால்தான் அவர்கள் வேறொருவன் கைக்குப் போனார்கள். அவனுக்கு விடுதலையைப் பெற்றுத் தந்த ஓட்டப் போட்டியின்போது மேடையில் வீற்றிருந்தவன் இதே ஜப்பா. பிறகு அதே மணலில் அவனுடைய தாய் சித்திரவதைக்கு ஆளாகி அவன் கைகளிலேயே உயிர்விட்டாள். அன்று இரவு அவன் ஒரு குடியிருப்பையே, பெண்களையும் குழந்தைகளையும்கூட விடாமல், வெட்டிச் சாய்த்தான். கதைக் காலத்தில் அது நடந்து நீண்ட நாள் ஆகவில்லை. தன்னை அடிமையாக வைத்திருந்த இனத்தின் குழந்தையை உயிரோடு ஏந்தி, தன் தாய் இறந்த மணலுக்கே கொண்டுபோய், அந்தத் தலைவனின் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று அவனுக்கு உத்தரவிடுகிறார்கள். இதைவிடக் கனமான ஒரு கதைக் கருவை அந்தப் பாத்திரத்துக்கு யார் தர முடியும்? தான் கொன்ற குழந்தைகளின் நினைவும், தான் காப்பாற்ற வேண்டிய குழந்தையின் அழுகையும் ஒரே நெஞ்சில் மோதும் அல்லவா?

அந்தக் கருவைப் படம் கையில் வைத்திருந்தது, பயன்படுத்தவில்லை. அந்த இனத்தின் மீது அனக்கினுக்குள்ள வெறுப்பு ஓரிரு வசனங்களில் வந்து போகிறது. குழந்தையை வைத்துப் படம் செய்வதெல்லாம் அதன் நாற்றத்தைச் சொல்லிச் சிரிக்க வைப்பதும், அதற்கொரு கேலிப் பெயர் வைப்பதும்தான். அசோகாவும் அனக்கினும் ஒருவரையொருவர் பட்டப்பெயர் சொல்லி அழைத்துக்கொள்வதற்குக் கிடைத்த நேரம், அவர்களுக்கிடையே இருக்க வேண்டிய மௌனத்துக்குக் கிடைக்கவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று போர்க்களத்தில் வந்து இறங்கி, "உங்கள் மாணவி நான்தான்" என்று நிற்கிறது. எதற்காக ஒரு பிள்ளையைப் போருக்கு அனுப்பினார்கள் என்று எவரும் உரத்துக் கேட்பதில்லை.

போர் நடந்த மாகாணத்தில் வளர்ந்தவன் நான். அதனால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் கதைக் கேள்வி அல்ல. இதற்குமேல் இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. ஆனால், போர்வீரர்கள் விழுந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வேடிக்கை வசனம் ஓடினால், எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் வளர்ந்த எவருக்கும் அது காதில் உறுத்தும். டெத் என்ற கோளில், செங்குத்தான பாறைச்சுவரில் ஆறுகால் பொறிகளுடன் குளோன் வீரர்கள் ஏறும் காட்சியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பார்வைக் கோணம் அப்படியே சரிந்து, மேலும் கீழும் மாறித் தோன்றும் அந்தச் சில நிமிடங்கள் பெரிய திரைக்கே உரியவை. அதில் விழுந்தவர்கள் எத்தனை பேர்? கப்டன் ரெக்ஸுடன் எஞ்சியவர்கள் ஒரு கைப்பிடி அளவே. அவர்களுக்காக ஒரு வார்த்தையாவது வேண்டாமா? படம் அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறது.

பின்னர் வந்த தொடர் இந்தக் கடனை அடைத்தது என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும். உம்பாரா என்ற கோளில் நடக்கும் அத்தியாயங்களில், குளோன்கள் ஏமாற்றப்பட்டுத் தங்கள் தோழர்களையே சுட்டு, முகக்கவசத்தைக் கழற்றியபோது உண்மை அறிகிறார்கள். ஒரே முகம் கொண்ட மனிதர்களுக்குத் தனித்தனி உயிர் இருக்கிறது என்பதை அந்த அத்தியாயங்கள் சொன்ன அளவுக்கு இந்த வரிசையின் திரைப்படங்கள்கூடச் சொல்லவில்லை. அசோகாவும் வளர்ந்தாள், 2013இல் ஒளிபரப்பான அத்தியாயத்தில், தன்னை நம்பாத ஜெடாய் சபையை விட்டு அவள் தானாகவே படியிறங்கிப் போன காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதே இயக்குநர், இதே குரல்கள், இதே மரமுகங்கள். ஆகவே, சிறுவர் படத்தில் இவ்வளவுதான் செய்ய முடியும் என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். ஏறத்தாழ 85 இலட்சம் டொலரில் எடுத்த படம் உலகெங்கும் சுமார் 680 இலட்சம் டொலர் ஈட்டியது என்பதால், யாருக்கும் நட்டமும் இல்லை. நட்டம் அந்தக் கதைக்குத்தான்.

படத்தின் பிற்பகுதியில் ஒரு காட்சி உண்டு. டாட்டூயின் மணலில் அனக்கினும் அசோகாவும் நடக்கிறார்கள். இந்த இடத்துக்கு இனி வரவே கூடாது என்று நினைத்திருந்ததாக அவன் சொல்கிறான். என்ன நடந்தது என்று அவள் கேட்கிறாள். அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்கிறான். அவ்வளவுதான், டூக்கு வருகிறார், வாள்கள் ஒளிர்கின்றன.

மருமகன் அந்த இடத்தில் என் பக்கம் திரும்பி, "மாமா, அவர் ஏன் சொல்ல மாட்டாராம்?" என்று கேட்டான். நான் படத்தை நிறுத்தினேன். அடிமையாய் இருந்த ஒரு பையனையும், அவனை அனுப்பிவிட்டு வாசலில் நின்ற தாயையும், அவன் திரும்பி வரப் பிந்திய பத்து ஆண்டுகளையும் பற்றி அவனுக்குப் புரியும் அளவுக்குச் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவருக்கு அழுகை வந்திருக்கும், என்ன மாமா?" என்றான். "வந்திருக்கும்" என்றேன். மிச்சப் படத்தை அவன் போடச் சொல்லவில்லை, நானும் போடவில்லை.