இயந்திரச் சத்தம் தணியும் நொடி

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் மூத்தோர் கூடிய ஒரு ஞாயிறு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம். விமானத்தில் ஏற அஞ்சுகிறவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டால் இங்கே ஒருவரும் தூக்கமாட்டீர்கள் என்று அறிவேன். ஆகவே நானே தூக்கிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் போகும் ஒவ்வொரு முறையும், ஓடுபாதையில் வேகம் கூடுகிற அந்த அரை நிமிடத்தில் என் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.

நம் முன்னோர் இந்தக் கரைக்குக் கப்பலில் வந்தவர்கள். 'ரஜூலா'வையும் அதன்பின் வந்த 'சிதம்பர'த்தையும் நினைவில் வைத்திருப்போர் இந்த மண்டபத்திலேயே சிலர் இருப்பீர்கள். கடல் கொந்தளித்த இரவுகளும் வாந்தியும் அந்தப் பயணத்தில் உண்டு. ஆனால் அலை கண்ணுக்குத் தெரிந்தது. மாலுமியின் முகம் தெரிந்தது. கலக்கம் என்னவென்று கேட்க ஆளும் இருந்தார். விமானத்திலோ கதவு சாத்தப்பட்டதும், நம் உயிரை ஒப்படைத்த மனிதரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறோம். என் கருத்தில் விமான அச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது: நாம் அஞ்சுவது உயரத்துக்கு அன்று, ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருப்பதற்கு.

அச்சப்படுகிறவரிடம் நாம் உடனே கணக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். கணக்கு பொய்யில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் மாண்டவர்கள் 6,000 பேருக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆயினும் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் நாம், அவன் விமானம் ஏறும் நாளில் சாமி அறையில் கூடுதலாக ஒரு விளக்கு ஏற்றுகிறோம். கைப்பிடி தன் கையில் இருக்கும்வரை ஆபத்து தொலைவில் இருப்பதாகவே மனிதன் நம்புகிறான். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர் பலர் விமானத்தை விட்டுக் காரில் நெடும்பயணம் போனார்கள். அதனால் அடுத்த ஓராண்டில் சாலையில் கூடுதலாக மாண்டவர்கள் சுமார் 1,600 பேர் என்று ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் மதிப்பிட்டார். ஆனால் இதைச் சொல்லி யாருடைய உள்ளங்கை வியர்வையையும் நான் உலர்த்தியதில்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பார்கள். நம் நாட்டவரைப் பொறுத்தவரை அந்தப் பழமொழி சற்று அநியாயமானது என்பேன், ஏனெனில் நாம் காரணமில்லாமல் அரளவில்லை. 1977 டிசம்பர் 4 அன்று இதே பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் அருகே உள்ள சுபாங்குக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் எம்.எச் 653 கடத்தப்பட்டு, ஜொகூர் தஞ்சோங் குப்பாங்கில் விழுந்து, அதில் இருந்த 100 பேரும் மாண்டார்கள். 2014 மார்ச்சில் எம்.எச் 370, 239 பேருடன் மறைந்தது. அதே ஆண்டு ஜூலையில் எம்.எச் 17 உக்ரைன் வானில் சுடப்பட்டு 298 பேர் போனார்கள். இந்த இரண்டு துயரங்களும் நம் மனத்தில் ஒரே மாதிரி தங்கியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எம்.எச் 17 சினத்தையும் கண்ணீரையும் தந்தது. ஏவுகணை எது என்பது தெரியவந்தது, 2022இல் நெதர்லாந்து நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பும் சொன்னது. எம்.எச் 370க்கோ, 2018இல் வெளிவந்த அறிக்கைகூடக் காரணத்தை நிர்ணயிக்க இயலவில்லை என்றே முடிந்தது. காரணம் தெரிந்த சாவைவிட, காரணம் தெரியாத மறைவுதான் நம்மை இன்றும் இருக்கையோடு இறுக்கிப் பிடிக்கிறது. பெருங்கடல் மேல் பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களின் இருப்பிடம் குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுவனத்துக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் நடைமுறைக்கு வந்தது.

இனி விமானத்துக்குள் வருவோம். இதில்தான் நான் நேரம் செலவிட விரும்புகிறேன். தரையை விட்டதும் அடிவயிற்றுக்குக் கீழே 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்கும். சக்கரங்கள் உள்ளே மடங்கி அவற்றின் கதவுகள் மூடுகின்றன. அடுத்து வருவதுதான் பலரையும் கதிகலங்க வைப்பது: சுமார் 1,000 அல்லது 1,500 அடி உயரத்தில் இயந்திரச் சத்தம் திடீரெனத் தணிந்து, உடல் முன்பக்கம் சரிவதுபோல் தோன்றும். விழுகிறோம் என்று மனம் அலறும். உண்மையில், புறப்படும்போது கொடுத்த உந்துவிசையை விமானி குறைத்துக்கொள்கிறார், விமானம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. முடுக்கம் குறைவதை உட்காதுதான் சரிவாகத் தவறாகப் படித்துவிடுகிறது. இறங்குகையில் கேட்கும் நீண்ட முனகல், இறக்கையின் பின்தகடுகள் நீளும் ஓசை.

குலுக்கத்தில் இறக்கை நுனி மேலும் கீழும் ஆடுவதைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். ஆடுமாறுதான் அதைச் செய்திருக்கிறார்கள். 1995இல் போயிங் 777இன் இறக்கையை வேண்டுமென்றே ஒடியும்வரை வளைத்துப் பார்த்தார்கள்; பறக்கையில் எதிர்பார்க்கும் உச்ச சுமையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல் ஏற்றிய பிறகே அது ஒடிந்தது. குலுக்கத்தால் துன்பம் நேர்வது பெரும்பாலும் இருக்கை வார் கட்டாதவர்களுக்குத்தான். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த விமானம் மியன்மார் வானில் குலுங்கியபோது கூரையில் போய் மோதியவர்களை எண்ணிப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்வரை வாரைக் கழற்றாதீர்கள். முடிந்தால் காலை விமானமாகப் பார்த்துப் பதியுங்கள். நம் வட்டாரத்தில் இடிமேகம் பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும்.

என் மனைவியின் தமக்கை தம் 71ஆம் வயதில்தான் முதன்முதலாக விமானம் ஏறினார். 'தொம்' சத்தம் கேட்டதும் பணிப்பெண்ணை நோக்கிப் பதற்றத்தோடு கை நீட்டினார். தன் இருக்கையிலேயே வார் கட்டி எதிரில் உட்கார்ந்திருந்த அந்த மலாய்ப் பெண் சிரிக்கவில்லை. "ரோடா சாஜா, மாக்சிக்" என்றாள், சக்கரந்தான், அம்மா என்று. இறங்கும்வரை ஒவ்வொரு சத்தத்துக்கும் அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் சலிக்காமல் பெயர் சொன்னாள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வருகையில் எங்கள் வரிசையில் ஓர் இளைஞன். விமானம் எழும்பியதும் கைப்பிடியை வெளுக்கப் பிடித்திருந்தான். நான் பேச வாயெடுப்பதற்குள் அக்கா அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"சக்கரந்தான், தம்பி. இனிமேல் சத்தம் குறையும், பயப்படாதே."